அன்பின் விருந்து

அன்பின் விருந்து என்பது கிறித்தவர்கள் இறைவழிபாட்டை ஒட்டி ஒன்றாக அமர்ந்து உண்ணும் பொது உணவைக் குறிக்கும். கிரேக்க மொழியில் அன்பைக் குறிக்கும் அகாப்பே என்னும் சொல்லே இவ்விருந்துக்கும் பெயராக வழங்கிற்று. கடவுள் மனிதர்மீது முதலில் அன்பு கொண்டார், அவ்வன்பைப் பெற்றவர்கள் அதைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்பது கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. மருத்துவமனையும் பள்ளியும் அறநிதியும் தோன்றுவதற்கு முன்னரே அப்பகிர்வு ஒரு பந்தியாக வடிவம் பெற்றிருந்தது. யார் யாருடன் அமர்ந்து உண்பது என்ற வினா முதல் நூற்றாண்டின் கொரிந்து நகரிலும், 19ஆம் நூற்றாண்டின் மதுரையிலும் திருச்சபையைக் கலங்கடித்தது.

சொல்லும் பொருளும்

பண்டைக் கிரேக்க மொழியில் அன்பைக் குறிக்கப் பல சொற்கள் இருந்தன. காதலும் வேட்கையும் எரோஸ் எனப்பட்டன. நட்பு பிலியா எனப்பட்டது. குடும்பப் பாசத்தைக் குறிக்க ஸ்தோர்கே என்ற சொல் வழங்கிற்று. அகாப்பே என்னும் பெயர்ச்சொல் பழைய கிரேக்க இலக்கியத்தில் அரிதாகவே காணப்படுகிறது. அதன் வினைவடிவம் ஓமரின் காலம் முதலே வழக்கில் இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி எபிரேய மறைநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், அன்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்குப் பெரும்பாலும் இச்சொற்குடும்பத்தையே பயன்படுத்தினர். அந்த மொழிபெயர்ப்பு செப்துவசிந்தா எனப்படுகிறது.

அகாப்பே என்பது தன்னலமற்ற தெய்வீக அன்பை மட்டுமே குறிக்கும் தனிச்சொல் என்று சமயச் சொற்பொழிவுகளில் அடிக்கடி கூறப்படுவதுண்டு. இது சரியன்று. தாவீது அரசரின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மீது கொண்ட தகாத இச்சையைச் சொல்லும் இடத்திலும் செப்துவசிந்தா இதே சொல்லைத்தான் ஆள்கிறது (2 சாமுவேல் 13). ஆகவே சொல்லில் இயல்பாகவே உயர்பொருள் அடங்கியிருக்கவில்லை. இயேசுவின் வாழ்வையும் சாவையும் விளக்குவதற்குப் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் அதை எடுத்தாண்டதால் அப்பொருள் அதற்கு வந்து சேர்ந்தது. புதிய ஏற்பாட்டில் இப்பெயர்ச்சொல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. எரோஸ் என்னும் சொல் அங்கு ஓரிடத்திலும் இல்லை.

யோவான் எழுதியதாகக் கொள்ளப்படும் முதல் திருமுகத்தின் 4ஆம் அதிகாரம், கடவுளின் இயல்பே அன்பு என்று கூறி, அதன் தொடர்ச்சியாக ஒரு நடைமுறைச் சோதனையையும் வைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சகோதரரிடம் அன்பு செலுத்தாத ஒருவர், கண்ணுக்குத் தெரியாத கடவுளிடம் அன்பு செலுத்துவதாகச் சொல்வது பொய் என்பதே அது. இறையன்பும் பிறரன்பும் ஒன்றையொன்று பிரியாதவை என்னும் கிறித்தவக் கோட்பாட்டுக்கு இப்பகுதி முதன்மையான சான்றாகக் காட்டப்படுகிறது.

சுவீடன் நாட்டு லூத்தரன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரென் 1930, 1936 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட நூலில், எரோசும் அகாப்பேயும் ஒன்றோடொன்று சேராத இருவேறு ஆற்றல்கள் என வாதிட்டார். முன்னது தனக்குத் தேவையானதைத் தேடி மேலே செல்வது. பின்னது தகுதி பாராமல் கீழே இறங்கி வருவது. இக்கூர்மையான பிரிவினை பெரும் செல்வாக்குப் பெற்றது, பலத்த மறுப்பையும் சந்தித்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 25 எனத் தேதியிட்டுத் தம் முதல் சுற்றுமடலை எழுதினார். கடவுளின் அன்பைப் பற்றிய அம்மடல், இவ்விரு அன்புகளையும் முற்றாகப் பிரிக்க இயலாது என்று கூறுகிறது.

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய மன்றாட்டு நூல்களில் தேவசிநேகம், பிறர்சிநேகம் ஆகிய சொற்கள் வழங்கின. இன்று இறையன்பு, பிறரன்பு என்பனவே பெருவழக்கு. இங்குத் தமிழ் மரபு சார்ந்த ஒரு நுட்பம் உண்டு. திருக்குறள் அன்புடைமை, அருளுடைமை என இரு அதிகாரங்களைத் தனித்தனியே கொண்டுள்ளது. தொடர்புடையோரிடம் செல்வது அன்பு, தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்களிடத்தும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். அவ்வாறாயின், அயலாரையும் பகைவரையும் தழுவும் அகாப்பே, அன்பைவிட அருளுக்கே நெருக்கமானது. ஆனால் அருள் என்ற சொல், கடவுளின் இலவசக் கொடையைக் குறிக்கும் காரிஸ் என்னும் வேறொரு கிரேக்கச் சொல்லுக்குத் தேவைப்பட்டது. சீர்திருத்தத் திருச்சபையினர் அதனையே கிருபை என்கின்றனர். இதனால் தமிழ் விவிலியத்தில் அன்பு என்னும் சொல் தன் பழைய எல்லையைக் கடந்து பொருள்தர வேண்டியதாயிற்று. அருளை அன்பு பெற்ற குழந்தையாகக் காட்டும் குறள் ஒன்றும் உள்ளதால், இந்த விரிவு தமிழுக்கு முற்றிலும் அயலானது என்று சொல்ல முடியாது.

விவிலியப் பின்னணி

நற்செய்தி நூல்கள் இயேசுவை அடிக்கடி உணவுமேசையில் காட்டுகின்றன. வரிதண்டுவோரோடும் பாவிகள் எனக் கருதப்பட்டோரோடும் அவர் உண்டார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று (மாற்கு 2:15–17). விருந்து அளிக்கும்போது திருப்பி அழைக்கக்கூடிய நண்பரையும் செல்வரையும் விடுத்து, ஏழைகளையும் உடற்குறையுள்ளோரையும் அழைக்க வேண்டும் என்று அவர் கற்பித்ததாக லூக்கா எழுதுகிறார் (லூக்கா 14:12–14).

இப்போதனையைப் பின்பற்றுவது முதல் தலைமுறையினருக்கே எளிதாக இருக்கவில்லை. அந்தியோக்கியாவில் யூதரல்லாத கிறித்தவர்களோடு உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அப்பந்தியிலிருந்து விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2:11–14). திருச்சபையின் இரு பெருந்தூண்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இந்நிகழ்வு ஒரு பந்தியைப் பற்றியது.

கொரிந்து நகரில் நிலைமை வேறு வகையில் சீர்கெட்டது. அங்குள்ள கிறித்தவர்கள் வசதியுள்ள ஒருவரின் வீட்டில் கூடி, பொது உணவோடு ஆண்டவரின் திருவிருந்தையும் கொண்டாடினர். அக்காலத்து உரோமானிய வீட்டின் உணவறையில் பொதுவாக ஒன்பது பேருக்கு மட்டுமே சாய்ந்து உண்ண இடமிருக்கும். செல்வர்கள் முன்னதாக வந்து நல்ல உணவை உண்டு முடித்தனர் என்றும், அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடிந்து வந்து முற்றத்தில் பசியோடு நின்றனர் என்றும் பல ஆய்வாளர்கள் ஊகிக்கின்றனர். ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் குடித்து வெறித்திருந்ததாகப் பவுலே எழுதுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்தும் அவ்வுணவு ஆண்டவரின் விருந்தே ஆகாது என்பது அவரது தீர்ப்பு (1 கொரிந்தியர் 11:17–34).

அன்பைப் பற்றிய புகழ்பெற்ற 13ஆம் அதிகாரம் இதே திருமுகத்தில், இக்கண்டனத்துக்கு இரண்டு அதிகாரங்கள் தள்ளி வருகிறது. இன்று திருமணங்களில் விரும்பி வாசிக்கப்படுவதால், அது மணமக்களுக்காக எழுதப்பட்டது போன்ற தோற்றம் ஏற்பட்டுவிட்டது. உண்மையில் அது ஒரே பந்தியில் உண்ண மனமில்லாத ஒரு சபைக்கு எழுதப்பட்டது. தனக்குரிய அனைத்தையும் ஈந்தாலும், தன் உடலையே கையளித்தாலும், அன்பு இல்லையேல் பயனில்லை என்னும் கருத்து அதன் 3ஆம் வசனத்தில் உள்ளது. ஈகை வேறு, அன்பு வேறு என்று வெளிப்படையாகப் பிரித்த இவ்வசனம், பிற்காலத்தில் தமிழர் ஒருவரால் எதிர்பாராத ஓர் அவையில் எடுத்தாளப்பட்டது.

தொடக்க காலத் திருச்சபையில்

அன்பின் விருந்து என்னும் பெயர் விவிலியத்தில் யூதா திருமுகத்தின் 12ஆம் வசனத்தில் வருகிறது. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அந்தியோக்கியா ஆயர் இக்னேசியு, ஆயர் இன்றி அன்பின் விருந்து நடத்தலாகாது என்று சிமிர்னா சபைக்கு எழுதினார். திதாக்கே என்னும் பழைய ஒழுங்குநூல் கிண்ணத்துக்கும் அப்பத்துக்கும் உரிய மன்றாட்டுகளைத் தந்து, வயிறு நிறைந்த பின் சொல்ல வேண்டிய நன்றியுரையையும் தருகிறது. அது நற்கருணையைக் குறிக்கிறதா, அன்பின் விருந்தையா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்து பின்னர் பிரிந்தன என்று பலர் கருதுகின்றனர்.

கிறித்தவரல்லாத ஒருவரின் சாட்சியமும் கிடைத்துள்ளது. கி.பி. 112 அளவில் பித்தினியா மாநிலத்தை ஆண்ட இளைய பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில், கிறித்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுவதையும், பின்னர் மீண்டும் கூடி உணவு உண்பதையும் குறிப்பிடுகிறார். அவ்வுணவு சாதாரணமானது, தீங்கற்றது என்று அவர் தனித்துக் கூறுவது வியப்பாகத் தோன்றலாம். கிறித்தவர்கள் இரவில் கூடி மனித இறைச்சி உண்கின்றனர், முறைதவறிக் கலக்கின்றனர் என்ற வதந்தி அப்பேரரசில் உலவியது. ஒருவரையொருவர் சகோதரர் என்றும் சகோதரி என்றும் அழைத்து, முத்தமிட்டு, கதவடைத்து உண்ணும் கூட்டத்தைப் பற்றி அத்தகைய கதைகள் எழுந்ததில் புதுமை இல்லை. சங்கங்களைத் தடைசெய்யும் தம் ஆணைக்குப் பின் அவர்கள் அவ்விருந்தைக் கைவிட்டனர் என்றும் பிளினி எழுதுகிறார்.

கி.பி. 197 அளவில் கார்த்தேசு நகரத் தெர்த்தூலியன் எழுதிய தற்காப்பு நூலின் 39ஆம் அதிகாரம் இவ்விருந்தைப் பற்றிய மிக விரிவான விளக்கத்தைத் தருகிறது. மன்றாட்டுடன் தொடங்கி, பசி தீரும் அளவு உண்டு, அளவோடு குடித்து, விளக்கேற்றிய பின் பாடி, மன்றாட்டுடன் கலைவர். உணவினால் ஏழைகள் பயன்பெறுவர். அதே அதிகாரத்தில் பொதுநிதியைப் பற்றியும் அவர் கூறுகிறார். மாதந்தோறும் அவரவர் விரும்பியவாறு இடும் அப்பணம் ஏழைகளை அடக்கம் செய்யவும், அநாதைச் சிறாரையும் முதிர்ந்த அடிமைகளையும் கப்பல் உடைந்து தவிப்போரையும் காக்கவும், சுரங்கங்களிலும் சிறைகளிலும் வாடும் நம்பிக்கையாளருக்கு உதவவும் பயன்பட்டது. பந்தியும் நிதியும் இங்கு ஒரே மூச்சில் பேசப்படுவது நோக்கத்தக்கது.

விருந்து எப்போதும் அதன் பெயருக்கு ஏற்ப நடந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. அலெக்சாந்திரியா நகரக் கிளமெந்து, ஆடம்பர உணவுக்குச் சிலர் அகாப்பே என்று பெயரிடுவதைக் கடிந்துகொள்கிறார். அன்பு விருந்தைத் தரலாம், விருந்தே அன்பாகிவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். உரோமை நகரின் மார்செல்லினுஸ்-பேதுரு நிலத்தடிக் கல்லறையில் பல விருந்துக் காட்சி ஓவியங்கள் உள்ளன. அவற்றில் திராட்சை இரசத்தைக் கலக்கும்படியும் வெந்நீர் தரும்படியும் கேட்கப்படும் பெண்களின் பெயர்கள் அகாப்பே, இரேனே என எழுதப்பட்டுள்ளன. முன்னது அன்பு, பின்னது அமைதி. இவை அன்பின் விருந்தைக் காட்டுகின்றனவா, இறந்தோர் நினைவு உணவைக் காட்டுகின்றனவா என்பது விவாதத்திற்குரியது.

விருந்து மறைதலும் அறப்பணியின் வளர்ச்சியும்

4ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் சட்ட ஏற்பும் அரச ஆதரவும் பெற்றது. வீடுகளில் கூடிய சிறு சபைகள் பெரிய ஆலயங்களுக்கு மாறின. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக உண்பது கடினமாயிற்று. குடிவெறியும் ஒழுங்கின்மையும் பற்றிய முறையீடுகள் பெருகின. அந்நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கம், ஆலயங்களுக்குள் அன்பின் விருந்து நடத்துவதைத் தடை செய்தது. நற்கருணை வழிபாடு தனித்து நின்றது. பொது உணவு படிப்படியாக வழக்கொழிந்தது.

அதே காலத்தில்தான் திருச்சபையின் அறப்பணி பெரும் நிறுவனங்களாக வளர்ந்தது. செசாரியா நகர ஆயர் பசிலியு 369 அளவில் ஏற்பட்ட பஞ்சத்தில் மக்களுக்கு உணவளித்தார். பின்னர் நகருக்கு வெளியே வழிப்போக்கர், நோயாளர், தொழுநோயாளர் ஆகியோருக்கு ஒரு பெரும் இல்லத்தொகுதியை நிறுவினார். அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரி அதனை ஒரு புதிய நகரம் என்றே புகழ்ந்தார். அவ்வூர் இன்று துருக்கியில் உள்ள கைசேரி ஆகும்.

பழைய உரோமானியச் சமயத்தை மீட்க முயன்ற பேரரசர் யூலியான் (ஆட்சி 361–363), கலாத்தியாவின் தலைமைப் பூசகருக்கு எழுதியதாகக் கூறப்படும் மடல் ஒன்று உண்டு. கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகின்றனர், நாமோ ஒன்றும் செய்வதில்லை என்று அதில் அவர் வருந்துகிறார். ஒவ்வொரு நகரிலும் சத்திரங்கள் அமைக்கும்படியும் ஆணையிடுகிறார். இம்மடல் அவருடையதுதானா என்பதைச் சில ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். ஆயினும் எதிரணியினர் கண்ணில் கிறித்தவ அறப்பணி எவ்வாறு பட்டது என்பதற்கு அது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது.

இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் இருந்தது. பந்தியில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். சத்திரத்தில் ஒருவர் நின்று பரிமாற, மற்றவர் அமர்ந்து பெற்றார். பின்னதன் பயன் அளவிட முடியாதது. அதனால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றோர். எனினும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே ஓர் இடைவெளி அமைந்துவிட்டது.

மீண்டும் தோன்றுதல்

பல நூற்றாண்டுகளுக்குப் பின் அன்பின் விருந்துக்குப் புத்துயிர் அளித்தவர்கள் செருமனியின் பக்தி இயக்கத்தினர். 1708இல் சுவார்ட்செனாவில் தோன்றிய சகோதரர் சபையினர் கால் கழுவுதல், பொது உணவு, திருவிருந்து ஆகிய மூன்றையும் ஒரே வழிபாடாக இணைத்தனர். மொராவியத் திருச்சபையின் தொடக்கம் மேலும் சுவையானது. எர்ன்குட் குடியிருப்பில் கருத்து வேறுபாடுகளால் பிளவுபட்டிருந்த அகதிகள், 1727ஆம் ஆண்டு ஆகத்து 13ஆம் நாள் திருவிருந்தில் ஒன்றுபட்டனர். வழிபாடு முடிந்தும் கலைந்து செல்ல மனமின்றிச் சிறு குழுக்களாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, சின்சென்டோர்ப் கோமகன் தம் மாளிகையிலிருந்து உணவு அனுப்பினார். அங்கேயே அமர்ந்து உண்ட அவ்வுணவு பின்னர் வழக்கமாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மொராவியர்கள் இன்றும் கிறித்துமசு காலத்தில் இனிப்பு ரொட்டியும் காப்பியும் பரிமாறி இவ்விருந்தைக் கொண்டாடுகின்றனர்.

மெதடிசத்தின் நிறுவனர் யோன் வெசுலி 1737இல் சவானா நகரில் செருமானியர்களுடன் இவ்விருந்தில் பங்குகொண்டு, அதனைத் தம் இயக்கத்துக்கும் கொண்டுவந்தார். மெதடிசத்தாரின் விருந்தில் ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே இருக்கும். இருபுறமும் பிடி கொண்ட பொதுக் கிண்ணம் கைமாறிச் செல்ல, ஒவ்வொருவரும் கடவுள் தம் வாழ்வில் செய்ததைச் சொல்வர். எழுத்தறியாத தொழிலாளரும் பெண்களும் சபையில் வாய்திறந்து பேச அது இடமளித்தது.

தமிழகத்தில்: சாதியும் பந்தியும்

தமிழகத்தில் சீர்திருத்தக் கிறித்தவம் 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. அப்பகுதியிலும் தஞ்சாவூரிலும் உருவான சபைகளில் வேளாளர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்தில் கிண்ணத்தைப் பெறும் வரிசையிலும் வேறுபாடு இருந்தது. முதல் நூற்றாண்டு மறைப்பணியாளர்கள் இதனை உலகியல் வழக்கமாகக் கருதிப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டனர். கொரிந்தின் கதை இங்கு வேறு உருவில் மீண்டது எனலாம்.

1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதனை ஏற்காமல் சபையை விட்டு விலகினர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, புதிதாக வந்த மறைப்பணியாளரின் கண்டிப்பான போக்கை எதிர்த்துத் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதியிருந்தார். கிறித்தவப் பாடல்களால் தமிழகம் முழுதும் அறியப்பட்ட இப்புலவர், முன்னைய போதகர்கள் அன்பால் நடத்தியதை இப்புதியவர்கள் கட்டாயத்தால் நடத்துகின்றனர் என்ற மனக்குறையை வெளியிட்டார்.

மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிசன், 1840களின் பிற்பகுதியில் மேலும் ஒருபடி சென்றது. உபதேசியார்களும் சபையாரும் சாதியை விட்டுவிட்டதற்கு அடையாளமாக ஒரு பொதுப் பந்தியில் அமர்ந்து, ஒடுக்கப்பட்ட சாதியினர் சமைத்த உணவை உண்ண வேண்டும் என்று அது விதித்தது. அப்பந்திக்கு வழங்கிய பெயர் அன்பின் விருந்து என்பதே. உண்ண மறுத்த பலர் பணியிலிருந்தும் திருவிருந்திலிருந்தும் விலக்கப்பட்டனர். வேறு சில மிசன்களும் இம்முறையைப் பின்பற்றின. லீப்சிக் லூத்தரன் மிசனின் இயக்குநர் கார்ல் கிரவுல் இதனை ஏற்கவில்லை. சாதியைச் சட்டத்தால் அன்றி நற்செய்தியின் உள்ளாற்றலாலேயே கரைக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். ஆங்கிலிக்கன் சபைகளில் மனத்தாங்கல் கொண்ட வேளாளர் பலர் லீப்சிக் மிசனுடன் இணைந்தனர்.

இவ்விவாதத்தில் இரு தரப்பையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அன்பைக் கட்டாயத் தேர்வாக்கி, தேறாதவரின் வேலையைப் பறிப்பது அன்பின் விருந்து என்னும் பெயருக்கே முரணானது. மறுபுறம், பொறுமை என்பது பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் செலவிலேயே காட்டப்பட்டது. கரைவதற்கு எத்தனை தலைமுறை ஆகும் என்ற வினாவுக்குக் கிரவுலின் தரப்பிடம் விடை இருக்கவில்லை. வெளியே நின்றவர்கள் அக்காலத்தில் என்ன எண்ணினர் என்பதற்கு அவர்களே எழுதிய சான்றுகள் மிகக் குறைவு. பெரும்பாலான ஆவணங்கள் மறைப்பணியாளர்களுடையவும் வேளாளர்களுடையவுமே.

கத்தோலிக்கரும் இச்சிக்கலுக்கு விலக்காக இருக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்தின் உள்ளே இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், தனி இடத்துக்கு உரிமை இல்லை என்று 1917இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எடின்பரோ, 1910

அதே 1910ஆம் ஆண்டில் இசுக்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மறைப்பணி மாநாடு நடைபெற்றது. சுமார் 1,200 பேராளர்களில் ஆசியர் இருபது பேர் அளவே. அவர்களுள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஊர்ப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிசனரி சங்கம் உருவாவதில் முன்னின்றவர். 1912இல் தோர்ணக்கல் ஆயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார்.

வெளிநாட்டுப் பணியாளருக்கும் உள்நாட்டுப் பணியாளருக்கும் இடையிலான உறவு குறித்துப் பேச அழைக்கப்பட்ட அசரியா, அங்கு நட்பு இல்லை, விலகல்தான் உள்ளது என்று நேரடியாகக் கூறினார். கைகுலுக்குவது, நாற்காலி தருவது, உணவுக்கு அழைப்பது ஆகியவற்றை வெறும் சடங்குகளாகத் தாம் கேட்கவில்லை என்றும், நட்பின் வெளிப்பாடாக அவை வேண்டும் என்றும் விளக்கினார். உரையின் இறுதியில் கொரிந்தியர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தைத் திருப்பி வைத்தார். மறைப்பணியாளர்கள் தம் உடைமைகளை ஏழைகளுக்கு ஈந்துள்ளனர், தம் உடலையும் எரிக்கக் கொடுத்துள்ளனர், இந்தியத் திருச்சபை அதற்கு நன்றி பாராட்டும். ஆனால் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

அவையில் சிலர் முகம் சுளித்தனர். பிற்காலத்தில் அம்மாநாட்டின் மிகவும் நினைவுகூரப்படும் உரையாக அது ஆயிற்று. பள்ளியும் மருத்துவமனையும் கட்டித் தந்தவர்களிடம் ஈகையின் குறைபாட்டைச் சுட்டுவது எளிதான செயல் அன்று. அசரியா அவர்களது மறைநூலின் சொற்களைக் கொண்டே அதைச் செய்தார்.

பகிர்தலும் மதமாற்றமும்

அன்பைப் பகிர்வது என்பதில் நம்பிக்கையைப் பகிர்வதும் அடங்கும் என்று கிறித்தவர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். அறப்பணி மதமாற்றத்துக்குக் கருவியாகிறது என்ற கண்டனம் இதிலிருந்து எழுகிறது. மறைப்பணியாளரின் மருத்துவத் தொண்டும் கல்வித் தொண்டும் மதமாற்ற நோக்கம் கலவாமல் நடக்க வேண்டும் என்று காந்தி பலமுறை எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாகத் திருச்சபையில் சேர்வதைக் குறித்து 1930களில் அவருக்கும் அசரியாவுக்கும் கருத்து மோதல் ஏற்பட்டது. அம்மக்கள் தாமே எண்ணித் துணியும் ஆற்றல் உடையவர்கள் என்பது அசரியாவின் நிலைப்பாடு. மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழுவின் 1956ஆம் ஆண்டு அறிக்கையும் மறைப்பணி நிறுவனங்களின் அறப்பணியைக் கடுமையாக விமர்சித்தது.

மேற்கூறிய 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடல், அன்புப்பணி வேறு இலக்கை அடையும் வழியாக இருத்தலாகாது, அது இலவசமானது என்று கூறுகிறது. எப்போது கடவுளைப் பற்றிப் பேச வேண்டும், எப்போது பேசாதிருந்து அன்பை மட்டும் பேசவிட வேண்டும் என்பதைக் கிறித்தவர் அறிவார் என்றும் அது சொல்கிறது. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக நற்செய்திக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் இணைந்து வெளியிட்ட ஆவணம், ஏழ்மையைப் பயன்படுத்திப் பொருளால் ஈர்ப்பதைத் தவறெனக் கண்டித்தது.

இன்றைய வழக்கு

கீழைத் திருச்சபைகளில், உயிர்ப்பு ஞாயிறு அன்று நடைபெறும் மாலை வழிபாடு அகாப்பே வழிபாடு என அழைக்கப்படுகிறது. அதில் நற்செய்தி பல மொழிகளில் வாசிக்கப்படும். கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் பெரிய வியாழன் இரவு வீடுகளில் பெசகா அப்பமும் பாலும் பகிர்ந்து உண்கின்றனர். குடும்பத் தலைவர் அப்பத்தை அறுத்து மூத்தவர் முதலாக வழங்குவார்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் ஆலயத் திருவிழாவின்போது நடைபெறும் பொது உணவு அசனம் எனப்படுகிறது. அரிசி, தேங்காய், காய்கறி, ஆடு முதலியவற்றைச் சபையார் காணிக்கையாகவும் நேர்ச்சையாகவும் கொண்டுவர, ஆலய வளாகத்தில் பெரிய பாத்திரங்களில் சமைத்துப் பந்தி பந்தியாகப் பரிமாறுவர். வெளியூர்களில் வேலை பார்ப்போர் அசனத்துக்கென ஊர் திரும்புவதுண்டு. பிற சமயத்தாரும் இதில் உண்கின்றனர். சிற்றூர்களில் இது ஊர்ப் பொது நிகழ்வாகவே விளங்குகிறது.

பந்தி பொதுவான பின்னும் பிற இடங்களில் வேறுபாடு முற்றாக நீங்கவில்லை. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமையும் பாகுபாடும் நிலவுவதை ஒப்புக்கொண்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் தனித்தனியாகவே இருந்து வந்துள்ளது.